ஊடலும் அல்ல, பிரிவும் அல்ல

(இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரின் கபோ பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும். "பெடியன் அந்நியப்பட்டுப் போயிட்டான்." சொல்பவர் தாயாக இருப்பார், தகப்பனாக இருப்பார், சில வேளை யாழ்ப்பாணத்தில் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் அம்மம்மாவாகவும் இருப்பார். விசாரித்துப் பார்த்தால் சண்டை ஒன்றும் நடந்திருக்காது. யாரும் யாரையும் வீட்டை விட்டுத் துரத்தியிருக்கமாட்டார்கள். ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே தாயும் மகனும் ஆளுக்கொரு திசையில் விலகியிருப்பார்கள். அந்த விலகலுக்குத் தமிழர் வைத்த பெயர் சரியானதுதானா என்பதே இன்றைய பேச்சு. பெயர் தவறிவிட்டால் மருந்தும் தவறிவிடும் என்பதால் இந்தக் கேள்வி முக்கியமாகிறது.

தமிழில் மனத்தாங்கலைச் சொல்லும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. புலவி, ஊடல், துனி என்று அளவு பார்த்துப் பெயர் வைத்த மொழி இது. திருக்குறளின் 1330 குறள்களில் கடைசி முப்பதும், அதாவது 131, 132, 133 ஆகிய மூன்று அதிகாரங்களும், ஊடலுக்கே ஒதுக்கப்பட்டவை. அறத்தையும் அரசையும் பாடி முடித்த வள்ளுவர், கணவன் மனைவி முகம் திருப்பிக்கொள்ளும் சிறு பொழுதோடு நூலை முடிக்கிறார் என்பது சாதாரணச் செய்தி அல்ல. புலவி உணவுக்கு உப்புப் போல அளவாக இருக்க வேண்டும், நீண்டுவிட்டால் உப்புக் கூடிய கதைதான் என்கிறார். இன்னோரிடத்தில், துனியும் புலவியும் இல்லாத காமத்தைக் கனிக்கும் கருக்காய்க்கும் ஒப்பிடுகிறார். துனி என்றால் முதிர்ந்த கலாம், புலவி என்றால் இளையது என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். தமிழ்நாட்டுச் சிறுவர்கள் இன்றும் கோபித்துக்கொண்டால் 'காய்' விடுகிறார்கள், சமாதானமானால் 'பழம்' விடுகிறார்கள். குறளுக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பு உண்டா என்பது வேறு விஷயம். கோபத்தைக் காயாகவும் கனியாகவும் பார்க்கும் கண் இந்த மொழியில் தொடர்ந்து இருந்துவருகிறது.

யாழ்ப்பாணத்தில் 'கோவம்' என்ற சொல்லே ஒரு நிலையைக் குறிக்கும். "அவை எங்களோட கோவம்" என்றால், கத்திக் கூச்சல் போடுகிறார்கள் என்று பொருள் இல்லை. கதைபேச்சு நின்றுவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதையே "எங்களுக்கும் அவங்களுக்கும் போக்குவரத்து இல்லை" என்பார்கள். "நல்லது கெட்டதுக்குக்கூட வர்றதில்லை" என்றால் விலகல் உச்சிக்குப் போய்விட்டது.

இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது: வேலித் தகராறு, சீதனக் கணக்கு, கல்யாண வீட்டில் தவறிய மரியாதை. காரணம் இருப்பதால் அதைத் தீர்க்க வழியும் இருக்கிறது. பெரியவர் ஒருவர் நடுவில் போவார். ஒரு சாவு விழும், கோவமாக இருந்தவர் வந்து வாசலில் நிற்பார், அழுகையோடு கதை முடியும்.

தூரத்தால் வரும் பிரிவுக்கும் தமிழில் இலக்கணமே உண்டு. பாலைத் திணைக்கு உரிய ஒழுக்கம் பிரிதல். கல்விக்காக, போருக்காக, தூதுக்காக, பொருளுக்காகத் தலைவன் பிரிவான். அங்கே காடும் வெயிலும் இருவரையும் பிரித்து வைக்கின்றன, ஆனால் மனம் முன்னைவிட நெருங்கியிருக்கிறது. அகப்பாடல்களின் துயரமெல்லாம் அந்த நெருக்கத்திலிருந்து பிறப்பதுதான்.

பலெர்மோ வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே இருவருக்கும் இடையே காடும் இல்லை, வெயிலும் இல்லை, ஒரு சமையலறைச் சுவர்தான் இருக்கிறது. மனம் மட்டும் எங்கோ போய்விட்டது. ஊடலும் அல்ல, பிரிவும் அல்ல என்று ஆனபின் மிஞ்சுவது அந்நியம் என்ற சொல்.

அந்நியம் என்பது 'மற்ற' என்ற பொருள் உள்ள வடசொல்லிலிருந்து வந்தது. அதே வேர் இரண்டு முறை சேர்ந்து வரும்போது தமிழுக்குக் கிடைத்த சொல் அந்நியோன்னியம். ஒருவரை ஒருவர் என்ற பொருள் வளர்ந்து, தமிழில் அது இணைபிரியாத நெருக்கம் ஆகிவிட்டது. அந்நியோன்னியமான தம்பதி என்று மணமக்களை வாழ்த்துகிறோம், அந்த வாழ்த்துக்குள்ளே அந்நியம் இரண்டு தடவை இருக்கிறது. வேற்றாள் என்ற நிலையிலிருந்துதான் நெருக்கமே தொடங்குகிறது என்பதை இந்தச் சொல் மறக்காமல் வைத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல்லின் மேல் இன்னொரு பாரமும் ஏறியது. ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட நாவலை வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' என்ற பெயரில் தமிழாக்கினார். எஸ்.வி. ராஜதுரை 'அந்நியமாதல்' என்ற நூலை எழுதினார். மார்க்ஸ் 1844இல் எழுதி, 1932இல்தான் முழுதாக அச்சேறிய கையெழுத்துப் படிகளில், உழைப்பாளி தன் கையால் செய்த பொருளே தனக்கு வேற்றுப் பொருளாக எதிரே நிற்கும் நிலையை விளக்கியிருந்தார். அதற்கு அந்நியமாதல் மிகப் பொருத்தமான தமிழ். அந்தக் கருத்தைப் பலெர்மோத் தமிழரிடம் விளக்க வேண்டிய தேவையே இல்லை. இன்னொருவர் வீட்டின் தரையைத் துடைத்து, இன்னொருவரின் முதிய தாயைக் குளிப்பாட்டி, தன் தாயின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போனவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதே சொல்லைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் மேல் போடுவதுதான் பிழை.

ஏன் பிழை என்று சொல்வதற்கு முன், பலெர்மோத் தமிழர் இங்கே வந்த கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் உலகமெங்கும் சிதறியபோது ஒரு பகுதியினர் சிசிலிக்கு வந்தார்கள். இத்தாலியில் வாழும் இலங்கையரில் பெரும்பாலோர் சிங்களவர். தமிழர் செறிந்து வாழும் நகரம் என்றால் பலெர்மோதான். 1986 டிசம்பரில் வந்த 943ஆம் எண் சட்டமும், 1990 பிப்ரவரியில் வந்த மார்தெல்லி சட்டமும், ஆவணமில்லாமல் இருந்தவர்களுக்கு வழி திறந்தன. கிடைத்த வேலை வீட்டு வேலை. ஆரம்பத்தில் பலர் முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்தார்கள், இத்தாலியத்தில் அதற்கு 'ஃபிஸ்ஸோ' என்று பெயர். ஃபிஸ்ஸோ வேலையில் இருக்கும் தாய்க்கு வாரத்தில் ஒன்றரை நாள்தான் தன் பிள்ளை. பிள்ளையை ஊரிலேயே தாத்தா பாட்டியிடம் விட்டுவந்து, விசா கிடைத்தபின் அழைத்துக்கொண்டவர்களும் உண்டு. விமான நிலையத்தில் இறங்கிய பிள்ளை தாயைப் பார்த்து அம்மம்மாவைக் கேட்டு அழுத வீடுகள் உலகெங்கும் உள்ள புலம்பெயர் சமூகங்களில் இருக்கின்றன.

நாம் கூடியிருக்கும் இந்தக் கபோவுக்கும் வேற்றாளுக்கும் உள்ள உறவு பழையது. பலெர்மோவை அரபியர் ஆண்டது 831 முதல் 1072 வரை. அந்தக் காலத்தில், 973 அளவில் இங்கே வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி, இந்தப் பக்கத்தை ஸ்லாவியர் குடியிருப்பு என்று குறித்து வைத்திருக்கிறார். போர்த்தா கரீனி வாயிலில் நுழைந்து சந்தைக்குள் நடந்தால், விற்பவர்கள் ராகம் போட்டுக் கூவும் 'அப்பன்னியாத்தா' இன்றும் கேட்கிறது. அந்த இழுவையில் அரபு நாட்டுச் சாயல் இருக்கிறது என்பார்கள். ஆயிரம் ஆண்டுகளாக வேற்றாளாக வந்தவர்களே இந்தத் தெருவின் குரலைச் செய்திருக்கிறார்கள்.

பிரிவைச் சொல்லச் சிசிலியருக்கும் தனிச்சொல் உண்டு: 'ஸ்பார்தென்ஸா'. ஊரை விட்டு, உறவை விட்டுக் கப்பலேறும் வேளையின் பிரிவு அது. பலெர்மோவுக்கு அருகே உள்ள போலொஞெத்தா என்ற சிற்றூரில் பிறந்த தொம்மாஸோ போர்தொனாரோ, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஓர் உழைப்பாளி, 1947இல் அமெரிக்கா போனார். தான் வாழ்ந்த கதையைத் தனக்குத் தெரிந்த சிசிலிய இத்தாலியத்தில், இலக்கணப் பிழைகளோடு எழுதினார். 'லா ஸ்பார்தென்ஸா' என்ற அந்த நூல் 1991இல் அச்சாயிற்று. பலெர்மோக்காரர்களின் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் அகதி போலவே கப்பலேறிப் போனவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் சிசிலியம் தெரியாமல் வளர்ந்தார்கள். இங்கே கடையில் நிற்கும் கிழவரிடம் இதைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

இத்தாலிய மொழியில் அயல்நாட்டாருக்கு 'ஸ்த்ரானியேரோ' என்று பெயர். மனம் விலகிப்போவதற்கு உள்ள சொற்களில் ஒன்று 'எஸ்த்ரானியார்ஸி'. இரண்டும் ஒரே இலத்தீன் குடும்பம். தமிழைப் போலவே இங்கும் வெளியாளும் விலகலும் ஒரே வேரில் நிற்கின்றன. இன்னும் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்துவும் கத்தோலிக்கரும் என்று வேறுபாடு பாராமல் தமிழர்கள் ஏறும் மலையின் பெயர் மோந்தே பெல்லெக்ரீனோ. அங்கே குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் நேர்த்தி வைக்கும் தமிழ்த் தாய்மார் எத்தனையோ பேர். 1624 ஜூலையில் அந்த மலையில்தான் அவளுடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன, கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று பலெர்மோ அவளைக் கொண்டாடுகிறது. பெல்லெக்ரீனோ என்றால் யாத்திரிகர். அந்தச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கோ அயல்நாட்டார் என்றுதான் பொருள். அயலானாக வந்தவன் யாத்திரிகன் ஆனான் என்பது அந்தச் சொல் கடந்து வந்த வழி.

இனி வீட்டுக்குள் வருவோம்.

சனிக்கிழமை மாலை. வாட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு. தாய் தொலைபேசியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள்.

"சாப்பிட்டியே பிள்ளை?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனி?"

"பாஸ்தா."

"பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது?"

"நல்லம்."

"குளிரே அங்க?"

"இல்லை."

"சரியப்பன், அம்மாட்டைக் குடு."

இந்தப் பேச்சில் அன்புக் குறைவு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. பிள்ளை முகத்தில் சிரிப்பு இருக்கிறது, கிழவியின் குரலில் ஏக்கம் இருக்கிறது. இல்லாதது சொல். அந்தப் பிள்ளை அன்று காலை நண்பனோடு கோபித்துக்கொண்டதையும், ஆசிரியர் வகுப்பில் தன்னைப் பாராட்டியதையும் இத்தாலியத்தில் பத்து நிமிடம் சொல்லும். தமிழில் அதைச் சொல்ல அதற்கு வினைச்சொற்கள் கைவசம் இல்லை. அம்மம்மாவுக்கும் நாலு கேள்விக்கு மேல் கேட்கத் தெரியவில்லை, காரணம் பலெர்மோப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழி இங்கே பாதிதான் பலித்திருக்கிறது. வயிறு ஒன்றாகத்தான் இருக்கிறது, வாய்தான் வேறாகிவிட்டது.

கலிஃபோர்னியாவில் லில்லி வோங் ஃபில்மோர் என்ற மொழியியல் ஆய்வாளர் 1991இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்த விஷயத்தில் அடிப்படையானது. அமெரிக்காவில் குடியேறிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் திரட்டிய செய்தி அது. பிள்ளைகள் ஆங்கிலத்தை எவ்வளவு சிறு வயதில் பிடிக்கிறார்களோ அவ்வளவு வேகமாக வீட்டு மொழியை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதில் ஒரு கொரியக் குடும்பத்தின் கதை வருகிறது. ஊரிலிருந்து தாத்தா பார்க்க வந்திருக்கிறார். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில் பேசுகிறார்கள், மூத்தவரிடம் பேச வேண்டிய மரியாதை வடிவங்கள் அவர்களுக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகள் தன்னை மதிக்கவில்லை என்று தாத்தா நினைக்கிறார். தகப்பன் பிள்ளைகளை அடிக்கிறார். பிள்ளைகள் செய்த குற்றம் ஒரு வினை விகுதி.

தமிழருக்கு இது அப்படியே பொருந்தும். யாழ்ப்பாண வீடுகளில் தாய் தகப்பனை 'நீங்கள்' என்று அழைக்கும் வழக்கம் வலுவானது. இத்தாலியப் பிள்ளை தாயை 'தூ' என்று ஒருமையில்தான் அழைக்கும், அதுவே அங்கே பாசத்தின் வடிவம். அந்த 'தூ' தமிழுக்கு மாறி 'நீ' ஆகும்போது தகப்பனின் காதில் அது அலட்சியமாக விழுகிறது. பிள்ளை நெருங்கி வந்து சொன்ன சொல், போய்ச் சேரும்போது விலகலாகிவிடுகிறது. இரு பக்கமும் தவறில்லாமலே காயம் பட்டுவிடுகிறது.

பெற்றோருக்கும் மொழிக் குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு நேர்மையாகாது. வேலை வீட்டில் கற்ற இத்தாலியம் சமையலறைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் போதும். பள்ளிக்கூட அறிக்கையைப் படிக்கப் போதாது. ஆகவே மருத்துவரிடமும், வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவுக்காகக் காவல் தலைமையகமான குவெஸ்தூராவின் வரிசையிலும், பத்து வயதுப் பிள்ளை தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது. தாயின் நோய் என்ன, வீட்டில் பணம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். சமூகவியலாளர்கள் அலெஹாந்த்ரோ போர்தெஸும் ரூபன் ரும்பாவும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் புதிய நாட்டின் மொழியில் முந்திப்போய், பெற்றோர் பின்தங்கும் வீடுகளில் பெற்றோரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு சரிகிறது. தாயும் பிள்ளையும் சேர்ந்து கற்கும் வீடுகளில் அது சரிவதில்லை.

இதற்கு மேல் சட்டம் வேறு இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 91ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பிள்ளை, இடைவிடாமல் சட்டப்படி இங்கேயே வாழ்ந்திருந்தால், 18 வயதானபின் 19 முடிவதற்குள் விருப்பத்தைத் தெரிவித்துக் குடியுரிமை பெறலாம். அதுவரை பலெர்மோ மருத்துவமனையில் பிறந்து, கபோத் தெருவில் பந்து விளையாடி, பலெர்மோப் பேச்சிலேயே சண்டை போடும் பிள்ளை ஏட்டில் ஸ்த்ரானியேரோதான். பெரியவர்களுக்கான வதிவிடக் கால வரம்பைப் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கக் கேட்டு 2025 ஜூன் 8, 9 தேதிகளில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதிய வாக்காளர் வராததால் செல்லாமல் போனது. வெளியே போனால் ஸ்த்ரானியேரோ, வீட்டுக்குள் வந்தால் அந்நியப்பட்டவன். ஒரே பிள்ளைக்கு இரண்டு மொழிகளிலும் ஒரே பட்டம்.

அந்நியப்படுதல் என்ற சொல்லைப் பிள்ளையின் மேல் போடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். அந்தச் சொல், செய்தவர் யார் என்று தேடி, பிள்ளையின் பக்கம் விரல் நீட்டுகிறது. நடந்த விலகலில் செய்தவர் என்று யாரும் இல்லை.

வேறு சொல் வேண்டுமானால் அதற்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை, பேச்சு வழக்கிலேயே இருக்கிறது: 'விட்டுப்போதல்'. "எங்களுக்கும் அவைக்கும் விட்டுப்போச்சு" என்று சொல்லும் ஊர்க்காரர் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. பெரிய சண்டை இல்லை, சின்ன விசாரிப்பு நின்றது, ஒரு தீபாவளிக்குப் போகவில்லை, அப்படியே விட்டுப்போயிற்று. விட்டுப்போனதைத் தொட்டுப் பிடிக்கலாம் என்ற எண்ணமும் இந்த மொழிக்கு உண்டு, விட்டகுறை தொட்டகுறை என்று சேர்த்தே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஊடலுக்கு மருந்து பணிந்து பேசுவது, பிரிவுக்கு மருந்து திரும்பி வருவது. விட்டுப்போனதற்கு மருந்து பேச்சும் நேரமும். வேறு எதுவும் இல்லை.

ஆகவே இந்த அவையில் உள்ள பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள். பிள்ளையின் காதுபட "அந்நியப்பட்டுப் போனான்" என்று இனிச் சொல்லாதீர்கள். வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் அதே அக்கறையோடு நீங்கள் இத்தாலிய வகுப்புக்குப் போங்கள், பள்ளிக்கூடக் கூட்டத்தில் உங்கள் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொல்வதை உங்கள் காதாலேயே கேளுங்கள். பிள்ளை 'நீ' என்றால் அடிக்காமல், 'நீங்கள்' என்று சொல்லிக்காட்டுங்கள். தமிழில் பாதியில் சொல் முட்டி நின்றால் இத்தாலியத்தில் முடிக்க விடுங்கள், கதை முழுதாக வந்து சேருவதுதான் முதல் தேவை. ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம், நண்பர்களின் பெயர், பிடித்த பாடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஐந்தாவது கேள்வி அவருக்குத் தானாக வரும். பதினெட்டை நெருங்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இன்னும் ஒன்று. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, பதினெட்டு ஆவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் மாநகராட்சி கடிதம் அனுப்பி, குடியுரிமை கேட்கும் இந்த உரிமையைப் பிள்ளைக்குத் தெரிவிக்க வேண்டும். கடிதம் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள். வராவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்களே மாநகராட்சிக்குப் போங்கள்.